தஞ்சாவூரிலிருந்து நியூவார்க்: எத்தனை மணி நேரம் சார்?

பிப்ரவரி 18, 2025, செவ்வாய். தஞ்சாவூர்

நாளை மறுநாள் கிளம்புகிறோம். பத்து நாளாக வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் ஒரே கேள்விதான், "அமெரிக்கா எத்தனை மணி நேரம் சார்?" நானும் ஆளுக்கொரு பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதில் பொய் ஒன்றும் இல்லை, எல்லாமே சரியான பதில்தான். சிங்கப்பூரிலிருந்து நியூவார்க் பதினெட்டே முக்கால் மணி என்று டிக்கெட்டில் இருக்கிறது. எங்கள் வாசலிலிருந்து அவள் வாசலுக்கு 36 மணி என்று மகள் கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். எதிர்வீட்டுத் தாத்தா காலண்டரைப் பார்த்துவிட்டு, "வியாழக்கிழமை கிளம்பி வெள்ளிக்கிழமை விடியறதுக்குள்ள போயிடுறீங்க, ஒரே ராத்திரிதானே, ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் மாதிரி" என்று முடித்துவிட்டார்.

என் மனைவிக்கு மணிக்கணக்கில் அக்கறை கிடையாது. "எத்தனை வேளை சாப்பாடு வருது, அதைச் சொல்லுங்க. அதுக்குத் தகுந்தாப்போல புளியோதரை கட்டணும்."

என்னைப் பற்றி ஒரு வரி. முப்பத்து மூன்று வருஷம் நில அளவைத் துறையில் சர்வேயர். புலப்படமும் அளவுச் சங்கிலியும் செங்கோணம் பார்க்கிற கிராஸ் ஸ்டாஃபுமாக டெல்டாவில் நான் நடக்காத வரப்பு குறைவு. அதனால் தூரம் என்று யாராவது சொன்னால் அதை அப்படியே வாங்கிக்கொள்ள எனக்கு வராது, அளந்து பார்க்க வேண்டும். அதற்காகச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கடலில் இறங்கவா முடியும்? நேற்று ராத்திரி உட்கார்ந்து பேப்பரில் போட்டேன்.

சிங்கப்பூர் விமான நிலையம் வடக்கு 1.36 டிகிரி, கிழக்கு 103.99. நியூவார்க் வடக்கு 40.69, மேற்கு 74.17. இந்தக் கிழக்கையும் மேற்கையும் கூட்டிப் பாருங்கள், 178 சொச்சம் வருகிறது. 180 வந்தால் இரண்டு ஊரின் தீர்க்கக்கோடுகளும் பூமிக்கு நேர் முதுகும் மார்பும் என்று அர்த்தம். கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கின்றன. அப்படியானால் இரண்டுக்கும் குறுக்குவழி கிழக்கும் இல்லை, மேற்கும் இல்லை, நேரே வட துருவத்துக்கு ஏறி அந்தப் பக்கம் இறங்குவதுதான்! சிங்கப்பூரிலிருந்து துருவம் 88.64 டிகிரி, துருவத்திலிருந்து நியூவார்க் 49.31. ஆக 137.95. ஒரு டிகிரிக்குச் சராசரியாக 111.13 கிலோமீட்டர், பெருக்கினால் 15,330. பழைய 66 அடிச் சங்கிலியில் சொன்னால் ஏழு லட்சத்து அறுபத்திரண்டாயிரம் சங்கிலி. பூமியில் எந்த இரண்டு இடத்தை எடுத்தாலும் அதிகபட்சத் தூரமே 20,000 கிலோமீட்டர்தான். அதில் முக்கால் பங்குக்கு மேலே ஒரே மூச்சில் போகப்போகிறோம்.

ஆனால் விமான நிறுவனம் 2018-இல் இந்தச் சேவையைத் தொடங்கியபோது சொன்ன தூரம் 16,700 கிலோமீட்டர். என் கணக்கைவிட 1,370 அதிகம். தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு இரண்டு தடவை ரயிலில் போய்த் திரும்புகிற தூரம் அது. வயல் அளக்கும்போது இவ்வளவு பிசகியிருந்தால் தாசில்தார் என்னைச் சும்மா விட்டிருப்பாரா?

பிப்ரவரி 19, புதன்

மூட்டை கட்டும் நாள். இரண்டு பெட்டி, தலா 23 கிலோ. பருப்புப் பொடி, நார்த்தங்காய், பிரசவ மருந்துப் பொடி எல்லாம் தராசில் ஏறி இறங்கி ஏறின. மகளுக்கு மார்ச் முதல் வாரம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

மனைவிக்குத் தைராய்டு மாத்திரை, காலையில் வெறும் வயிற்றில் ஒன்று. புது டப்பா, நூறு மாத்திரை, 21-ஆம் தேதியிலிருந்து இதைத் திறக்கிறேன் என்று மூடியில் பேனாவால் எழுதிக்கொண்டாள். எங்கள் டாக்டரிடம் கேட்டதற்கு, "வழியில ஒண்ணும் குழப்பிக்க வேண்டாம்மா, கிளம்புற அன்னைக்கு இங்க போட்டுக்கோங்க, அடுத்தது அந்த ஊர் போய் விடிஞ்சதும் போட்டுக்கோங்க" என்றார். இவள் தலையாட்டிய விதத்திலேயே எனக்குச் சந்தேகம்தான்.

பிப்ரவரி 20, வியாழன். திருச்சி, பிறகு சிங்கப்பூர்

காலை ஆறு மணிக்கு வாடகைக் கார். வல்லம், செங்கிப்பட்டி, துவாக்குடி என்று எல்லாம் தெரிந்த சாலை. விமான நிலையத்தில் போன வருஷம் திறந்த புது முனையம், ஸ்ரீரங்கத்துக் கோபுரம் மாதிரி வண்ணம் அடித்து வைத்திருக்கிறார்கள், சிலர் கேலி செய்தார்கள், எனக்குப் பிடித்திருந்தது.

பாதுகாப்புச் சோதனையில் ஒரு கூத்து. பிறக்கப்போகிற பேரனுக்கோ பேத்திக்கோ இருக்கட்டும் என்று நான் பணியில் சேர்ந்த புதிதில் வாங்கிய பித்தளைத் தூக்குக் குண்டைக் கைப்பையில் போட்டிருந்தேன். நூலில் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்துப் பார்ப்பது, கூம்பு மாதிரி, கீழே கூராக இருக்குமே, அதுதான். திரையில் பார்த்த பையன் பையை ஒதுக்கி வைத்து, "இது என்ன?" என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டு, "அது ஒண்ணுமில்ல தம்பி, குண்டு" என்றாள்.

வரிசையில் நின்ற நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நல்லவேளை, அந்தத் தம்பிக்குத் தமிழ் தெரியும், அவன் அப்பா கொத்தனாராம், பார்த்த உடனே சிரித்துவிட்டான். ஆனாலும் கூராக இருக்கிறது, கையில் கொண்டுபோக முடியாது என்றுவிட்டான். பெட்டிகள் ஏற்கெனவே போய்விட்டன. வழியனுப்ப வந்த தங்கை மகனை வாசலுக்குக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தனுப்பியதில் அரை மணி போனது. விமானம் ஏறி உட்காருகிற வரை நான் இவளோடு பேசவில்லை. "நான் பொய்யா சொன்னேன்? தூக்குன்னு சேர்த்துச் சொல்லியிருந்தா இன்னும் மோசமாயிருக்கும்" என்கிறாள். அதுவும் நியாயம்தான்.

திருச்சி–சிங்கப்பூர் கிட்டத்தட்ட 3,000 கிலோமீட்டர், நாலு மணி நேரம். விமானம் முழுக்கப் புதுக்கோட்டை, சிவகங்கை, பட்டுக்கோட்டைப் பையன்கள். பக்கத்து இருக்கைத் தம்பி கட்டட வேலை, ஆறாவது தடவை போகிறானாம். நாங்கள் அமெரிக்கா போகிறோம் என்றதும், "அப்ப இது உங்களுக்கு டவுன் பஸ்ஸு, அங்க மாறி ஏறுறதுதான் எக்ஸ்பிரஸ்" என்றான். இன்று யாரும் இதைவிடச் சரியாகச் சொல்லவில்லை.

சென்னை போய் வளைகுடா வழியாகப் போனால் இதைவிடச் சுருக்கம். கிழக்கே போய் அப்புறம் அமெரிக்காவா என்று எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது. மாப்பிள்ளை சொன்ன காரணம் இரண்டு. தஞ்சாவூர்க்காரனுக்குத் திருச்சி பக்கம், இவள் முழங்காலோடு சென்னைவரை அலைய வேண்டாம். இரண்டாவது, இந்தச் சிங்கப்பூர் விமானத்தில் சாதாரண வகுப்பே கிடையாது, கால் நீட்ட இடம் இருக்கும். என்ன விலை என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார், நானும் இரண்டு தடவைக்கு மேல் கேட்கவில்லை.

சிங்கப்பூரில் ஆறேழு மணி நேரம் காத்திருப்பு. புளியோதரை தீர்ந்தது. இது முதல் வேளை என்று இவள் விரல் மடக்கினாள்.

பிப்ரவரி 20, பிறகு 21, மறுபடி 20. நடுவானம்

தேதி தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், முழுக்கப் படியுங்கள்.

ராத்திரி பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது சக்கரம் தரையை விட்டது. என் இடது கையில் பழைய எச்.எம்.டி., அதை இந்திய நேரத்திலேயே விட்டுவிட்டேன். எல்லாக் கணக்கும் அதில்தான்.

விமானம் ஏர்பஸ் ஏ350-900, அதிலும் நீண்ட தூரத்துக்கென்றே எண்ணெய் ஏற்பாட்டை மாற்றிச் செய்த வகை. 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடை போட்டால் 130 டன் பக்கம். கிளம்பும்போது விமானத்தின் மொத்த எடையே அதிகபட்சம் 280 டன்தான், அப்படியானால் பாதிக்குப் பாதி எண்ணெயைத் தூக்கிக்கொண்டு பறக்கிறோம், அந்த எண்ணெயில் கணிசமான பங்கு எண்ணெயைத் தூக்கவே செலவாகிறது. மாட்டு வண்டியில் வைக்கோல் பாரம் ஏற்றி, வழியெல்லாம் மாடு அந்த வைக்கோலையே தின்றுகொண்டு போகிற கதைதான். இதனால்தான் இவ்வளவு பெரிய விமானத்தில் 161 இருக்கை மட்டும் வைத்திருக்கிறார்கள். இதே தடத்தில் 2004-இலேயே நாலு இன்ஜின் ஏ340-500 ஓடியது, எண்ணெய்ச் செலவு கட்டாமல் 2013-இல் நிறுத்திவிட்டார்கள். ஐந்து வருஷம் கழித்து இந்த இரண்டு இன்ஜின்காரன் வந்த பிறகுதான் மறுபடி ஆரம்பித்தது.

ஆரம்பத்தில் பாரம் அதிகம் என்பதால் கொஞ்சம் தாழ்வாகவே போனது. எண்ணெய் குறையக் குறைய படிப்படியாக ஏறுகிறது.

இனி அந்த 1,370 கிலோமீட்டர் சமாசாரம். எதிரே இருக்கிற திரையில் வரைபடம் ஓடிக்கொண்டிருக்கிறது. விமானம் துருவத்தின் பக்கம் தலை வைத்தே படுக்கவில்லை. தைவானுக்கு அந்தப் பக்கமாகப் போய், ஜப்பானுக்குக் கிழக்கே திரும்பி, பசிபிக்கில் இறங்கிவிட்டது. ஏன் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே வேகம் என்ற இடத்தில் எண் ஏற ஆரம்பித்தது. 930, 1,010, 1,090. ஒரு கட்டத்தில் 1,150. இன்ஜின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பின்னாலிருந்து காற்று தள்ளுகிறது. ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாய்கிற ஜெட் காற்று, ஆற்று வெள்ளம் மாதிரி. பரிசல்காரன் ஆற்றைக் குறுக்கே வெட்ட மாட்டான், வெள்ளத்தோடு சாய்ந்து போய்க் கரை பிடிப்பான். தூரம் கூடும், நேரம் குறையும். இவர்கள் அளப்பது கிலோமீட்டரையே இல்லை, எண்ணெயை.

தரையில் இருக்கிற நாங்கள்தான் கல்லுக்குக் கல் நேர்கோடு என்று கழுத்தை அறுக்கிறோம்.

இந்திய நேரம் அதிகாலை 2.30. ஜன்னல் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. ஊரில் எல்லாரும் நல்ல தூக்கத்தில் இருப்பார்கள், இங்கே சூரியன் வந்துவிட்டது. நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன், பக்கத்தில் டப்பா கிலுகிலுக்கிற சத்தம். "விடிஞ்சிடுச்சுல்ல, மாத்திரை போட்டுக்கிறேன்." டாக்டர் என்ன சொன்னார் என்று ஞாபகப்படுத்தினேன். "அவர் விடிஞ்சதும்னுதான சொன்னாரு" என்று தண்ணீர் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். இது 21-ஆம் தேதிச் சூரியன்.

மூன்றரை மணி நேரம் கழித்துத் தேதிக் கோட்டைத் தாண்டினோம். மணி அடிப்பார்களோ, ஏதாவது சொல்வார்களோ என்று எதிர்பார்த்தேன், எல்லாரும் போர்வைக்குள் இருந்தார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் 20-ஆம் தேதிதான். ஆக வியாழக்கிழமையை முடித்து வெள்ளிக்கிழமை சூரியனையும் பார்த்துவிட்டு மறுபடி வியாழக்கிழமைக்குள் நுழைந்திருக்கிறோம்.

அந்தப் பகல் ஆறே மணி நேரம். நாங்கள் சூரியனுக்கு எதிர்த்திசையில் ஓடுகிறோம், அது எங்கள் தலையைத் தாண்டி அவசரமாகப் போய்விட்டது. இந்திய நேரம் எட்டரைக்கு, எங்கள் தெருவில் பால்காரர் வந்து போய்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்புகிற நேரத்துக்கு, அலாஸ்காவுக்குத் தெற்கே எங்கோ எங்களுக்குப் பொழுது சாய்ந்தது. வெளியே மைனஸ் 60 டிகிரி.

அப்புறம் நீளமான இன்னொரு ராத்திரி, கனடா பக்கம். இதில்தான் உடம்பு கெஞ்ச ஆரம்பித்தது. படம் பார்த்தாயிற்று, தூங்கியாயிற்று, எழுந்து நடந்தாயிற்று, இன்னும் ஐந்து மணி நேரம் பாக்கி. பின்னால் நடைபாதையில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி கையை மேலே தூக்கி இறக்கிப் பயிற்சி செய்தாள், கொஞ்ச நேரத்தில் இவளும் போய் அவள் பக்கத்தில் நின்று கையைத் தூக்கினாள். இரண்டு பேரும் என்ன பாஷையில் பேசினார்களோ தெரியாது, திரும்பி வந்து, "அவங்களுக்கும் முட்டிதான்" என்றாள்.

சாப்பாடு இரண்டு வேளை, நடுவில் கொறிக்க. சாதம் நன்றாக வெந்திருந்தது, ரசம் இல்லை.

பிப்ரவரி 21, வெள்ளி. எடிசன், நியூ ஜெர்சி

அந்த ஊர் மணி விடியற்காலை 4.52-க்குத் தரை தொட்டோம். எச்.எம்.டி.யில் பிற்பகல் 3.22. வானத்தில் இருந்தது 17 மணி 54 நிமிடம். குடியேற்ற வரிசையில் கைரேகை, "எவ்வளவு நாள் தங்குவீர்கள்?" என்ற கேள்வி, அவ்வளவுதான். அங்கிருந்து எடிசன் முப்பது கிலோமீட்டர், சாலை ஓரமெல்லாம் ஒதுக்கித் தள்ளிய பனி, அழுக்கு உப்பு மாதிரி. வீட்டு வாசலில் இறங்கியபோது இந்திய நேரம் மாலை 5.45. வாசலுக்கு வாசல் 35 மணி 45 நிமிடம். மகள் கணக்கு ஜெயித்தது.

இரண்டாவது தடவையாக வெள்ளிக்கிழமை விடிந்தது. இவள் இரண்டாவது மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

வந்து சேர்ந்தது யார் என்று இன்னும் தெரியவில்லை. உடம்பு இங்கே இருக்கிறது, பசியும் தூக்கமும் தஞ்சாவூரிலேயே இருக்கின்றன. பத்தரை மணி நேர வித்தியாசம் என்றால் பகலும் ராத்திரியும் அப்படியே தலைகீழ். ராத்திரி இரண்டு மணிக்கு இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து காபி குடிக்கிறோம், சத்தம் போடாமல் டம்ளர் ஆற்றத் தெரிந்துகொண்டேன். பகல் மூன்று மணிக்குக் கையில் ஸ்பூனோடு தூங்கிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வீதம் உடம்பு பழகும் என்கிறார் மாப்பிள்ளை. விமானம் பதினெட்டு மணியில் கடந்த தூரத்தை உடம்பு பத்து நாளில் நடந்து வருகிறது. "எத்தனை மணி நேரம் சார்?" என்று கேட்டவர்களுக்கு இன்னொரு பதில் கிடைத்தது.

மார்ச் 4, செவ்வாய்

பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு. இரண்டு பேரும் நலம். வேறு எழுத நேரமில்லை.

மார்ச் 9, ஞாயிறு

ராத்திரியோடு ராத்திரியாக ஊரே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்துவிட்டது. கோடைக்காலக் கணக்காம். செல்போன் தானாக மாறிக்கொண்டது, அடுப்பில் இருக்கிற கடிகாரம் மாறவில்லை, நான் அடுப்பை நம்பிக் குளித்துக் கிளம்பி நின்றபோது கோவிலுக்குப் போகிற கார் போயே போய்விட்டது. இப்போது இந்தியாவுக்கு ஒன்பதரை மணி வித்தியாசம். வாமனனுக்கு மூன்றடி மண் அளந்தது போதாதென்று நேரத்தையும் அளந்து கொடுக்கிறார்கள்.

மார்ச் 23, ஞாயிறு. மன்ஹாட்டன்

மாப்பிள்ளை ஒரு நாள் ஊர் சுற்றிக் காட்டினார். உயரமான கட்டடங்களைப் பற்றி எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நான் தரையைப் பற்றி எழுதுகிறேன். இங்கே பெரும்பாலான தெருக்களுக்குப் பேர் கிடையாது, எண்தான். தெற்கு வடக்காக இருபது தெரு நடந்தால் ஒரு மைல் என்றார் அவர். எனக்குச் சட்டென்று உறைத்தது. ஒரு மைலுக்கு 80 சங்கிலி. அப்படியானால் தெருவுக்குத் தெரு சுமார் நாலு சங்கிலி! முப்பத்து நாலாவது தெருவிலிருந்து அடிபோட்டு எண்ணிக்கொண்டே நடந்தேன், சரியாகத்தான் இருந்தது.

இந்தக் கட்டத்தை ஊருக்கு வகுத்துக் கொடுத்த திட்டம் 1811-இல் வந்தது. அளந்த சர்வேயர் ஜான் ராண்டல் என்பவர். அப்போது இதெல்லாம் மேடும் பாறையும் தோட்டமுமாக இருந்தது. வேலி தாண்டி நுழைந்தார் என்று நிலக்காரர்கள் அவர் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். படித்தபோது என் சொந்தக்காரரைப் பற்றிப் படிப்பது மாதிரி இருந்தது. ஒரத்தநாடு பக்கம் ஒரு தடவை வரப்புத் தகராறில் என் சங்கிலியையே ஒருத்தர் கிணற்றில் போட்டிருக்கிறார். ராண்டல் தெரு முனைகளுக்கு அடையாளமாக அடித்த இரும்பு ஆணிகளில் ஒன்று சென்ட்ரல் பார்க்கில் ஒரு பாறையில் இன்னும் இருக்கிறதாம். இடத்தை வெளியே விளம்பரப்படுத்துவதில்லை. ஒரு மணி நேரம் பாறை பாறையாகக் குனிந்து பார்த்தேன். மாப்பிள்ளை பொறுமைசாலி. கிடைக்கவில்லை.

எங்கள் ஊருக்கும் இப்படி ஒரு கதை உண்டு. லாம்டன் துரை 1802-இல் சென்னைப் பரங்கிமலைப் பக்கம் அடிக்கோடு போட்டு அளவை ஆரம்பித்தாரே, பூமியின் வளைவையே கணக்கிட்ட அந்த வேலைதான், அதற்காக 1808-இல் தஞ்சாவூரில் கோணம் அளக்கிற அரை டன் எடைத் தியோடலைட்டைக் கோவில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து மோதி நசுங்கிவிட்டது. உட்கார்ந்து தட்டித் தட்டி நிமிர்த்தி மறுபடி அளக்கக் கிளம்பினார் மனுஷன். நான் அன்று 15,330 என்று பெருக்கினேனே, அந்த ஒரு டிகிரிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற எண்ணை அப்படிப்பட்டவர்கள்தான் நடந்து நடந்து சம்பாதித்தார்கள்.

ஏப்ரல் 12, சனி, பிறகு 13. நடுவானம்

குழந்தையின் ஐம்பதாம் நாள்வரை இருக்கலாம் என்று மகள் கேட்டாள். வருஷப் பிறப்புக்கு வீட்டில் விளக்கேற்ற வேண்டும் என்று இவள் பிடிவாதம். விமான நிலையத்தில் இரண்டு பேரும் அழுததை இங்கே எழுதப்போவதில்லை.

காலை பத்து மணிக்கு மேல் கிளம்பினோம். வந்த வழியே திரும்பும் என்று நினைத்து மேற்குப் பக்க ஜன்னலைக் கேட்டு வாங்கியிருந்தேன், விமானம் கிழக்கே திரும்பி அட்லாண்டிக்கில் ஏறியது! வரைபடத்தில் கோடு அயர்லாந்துக்கு நீண்டது. பணிப்பெண்ணைக் கேட்டேன். அந்தந்த நாள் காற்றைப் பார்த்து வழியை வகுப்பார்களாம், துருவப் பக்கமாகப் போகிற நாளும் உண்டாம், இன்று இந்த வழி.

யோசித்துப் பார்த்தால் இதுதான் நியாயம். நேர் எதிர் எதிர் ஊர்கள். கிழக்கோ மேற்கோ, எந்தப் பக்கம் போனாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான், அப்படி இருக்கும்போது எதிர்காற்றில் பசிபிக்கில் ஏன் முட்டிக்கொள்ள வேண்டும்? போனதும் கிழக்கே, வருவதும் கிழக்கே.

இதில் எனக்கு இன்னொன்று மெதுவாக விளங்கியது. கிழக்கேயே போய்க் கிழக்கேயே திரும்பினால் உலகத்தைச் சுற்றி வந்ததாகத்தானே அர்த்தம்? வரப்பைத் தவிர ஒன்றும் சுற்றாத ஆள் நான். இவளை எழுப்பிச் சொன்னேன். "பிள்ளையார் மாதிரி வீட்டிலேயே மூணு சுத்து சுத்தியிருந்தா முட்டியாவது மிஞ்சியிருக்கும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

போகும்போது பகல் ஆறு மணி நேரமாகச் சுருங்கியது, இன்று ராத்திரி சுருங்கியது. ஐரோப்பாவுக்கு இந்தப் பக்கம் பொழுது சாய்ந்து, காஸ்பியன் கடலைத் தாண்டியதும் விடிந்துவிட்டது. டப்பா கிலுகிலுத்தது.

அப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. எச்.எம்.டி.யில் காலை பதினொரு மணி. திரையில் விசாகப்பட்டினம் என்று வருகிறது. எங்கள் வீடு அங்கிருந்து 900 கிலோமீட்டர்கூட இல்லை. இப்போது இறக்கிவிட்டால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு. ஆனால் விமானம் வங்காள விரிகுடாவில் இறங்கி 2,900 கிலோமீட்டர் தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் எங்களை இறக்கி, நாங்கள் டவுன் பஸ் பிடித்து 3,000 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். தஞ்சாவூரில் இறங்க வேண்டியவனை நாகப்பட்டினம் கூட்டிப்போய்த் திருப்பி அனுப்புகிற மாதிரி. ஜன்னலுக்குக் கீழே மேகம்தான் தெரிந்தது, இருந்தாலும் இவள் கண்ணாடியில் மூக்கை வைத்துத் தெற்கே பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஏப்ரல் 14, திங்கள். தஞ்சாவூர்

விடியற்காலை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் தங்கை கோலம் போட்டு வைத்திருந்தாள். தூக்குக் குண்டு சாமி அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது, தங்கை மகன் வைத்தானாம்.

குளித்துவிட்டு மாத்திரை எடுக்கப்போன இவள், "என்னங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். டப்பாவைத் தட்டில் கவிழ்த்துப் பத்துப் பத்தாக அடுக்கி வைத்திருந்தாள். மூடியில் எழுதியிருந்த தேதி பிப்ரவரி 21. நேற்று வரைக்கும் பிப்ரவரியில் 8, மார்ச்சில் 31, ஏப்ரலில் 13, மொத்தம் 52 நாள். நூறில் 52 போனால் 48 இருக்க வேண்டும். நாலு அடுக்கும் ஏழும் இருந்தது. இரண்டு தடவை எண்ணினோம். 47.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கிழக்கேயே ஒரு சுற்றுச் சுற்றி வருகிறவனுக்கு ஊரில் இருக்கிறவனைவிட ஒரு சூரிய உதயம் அதிகம் கிடைக்கும், ஊருக்கு 52 தடவை விடிந்தது, உனக்கு மட்டும் 53 தடவை விடிந்திருக்கிறது, நீ விடிந்தால் மாத்திரை போடுகிறவள், அதனால் பசிபிக்கில் போட்டாயே, அதுதான் இந்த ஒன்று என்று பழத்தைச் சுற்றிச் சுற்றி விளக்கினேன்.

முழுவதையும் கேட்டாள். "கடைக்காரன் ஒண்ணு குறைச்சுப் போட்டிருப்பான்" என்று பழத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, வேப்பம்பூ வறுக்க அடுப்படிக்குப் போனாள்.